சட்டைக்கு உண்டு பரிசோதனை... குழந்தைக்கு?

நெருப்பெரிச்சலுக்குப் போயிருக்கிறீர்களா? பெயரைக் கேட்டு பயந்துவிட வேண்டாம். திருப்பூருக்கு வடக்கே இருக்கிற, ஒரு காலத்தில் தனி ஊராட்சியாக இருந்த ஊர். 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். பனியன் கம்பெனி, அதற்கு எதிரே டீக்கடை, அதற்குப் பின்னால் வரிசையாக லைன் வீடுகள். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஒடியா, நடுவில் இந்தி. அதுதான் இன்றைய திருப்பூர்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை, கையில் அம்மாவின் செல்போன். குனிந்த தலை நிமிரவில்லை.

‘‘என்ன விளையாட்டு?’’ என்றேன்.

அம்மாதான் பதில் சொன்னார். ‘‘விளையாட்டு இல்லீங்ணா, படிக்கிற கேமு. எண்ணிக்கை எல்லாம் சொல்லிக் குடுக்குதுங்க. அவ பாட்டுக்கு சமத்தா படிச்சிட்டு இருப்பா.’’

எட்டிப் பார்த்தேன். திரையில் ஐந்து பலூன். கீழே 4, 5, 6 என்று மூன்று பொத்தான். குழந்தை 6-ஐ அமுக்கியது. தவறு. உடனே ஒரு குரங்கு வாழைப்பழத் தோலில் வழுக்கி, குட்டிக்கரணம் போட்டு, தலையில் நட்சத்திரம் சுற்ற விழுந்தது. குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த கேள்வி. மறுபடியும் தவறு. மறுபடியும் குரங்கு.

‘‘ஏன் கண்ணு, தெரிஞ்சுக்கிட்டே தப்பா அமுக்கறே?’’

‘‘அப்பத்தானுங் மாமா கொரங்கு விழுகும்!’’

சரியாக அமுக்கினால் என்ன வரும் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கியது. ‘‘ஒரு ஸ்டாரு. அவ்ளோதான்.’’

நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. நகைக் கடன். ஆறு வயதுக் குழந்தைக்கு, எண்ணிக்கை கற்கும் நேரத்தில், நகைக் கடன்! அது பழகிப்போன கையால் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தேடி மூடியது. அந்த விளையாட்டிலிருந்து குழந்தை உருப்படியாகக் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம். தப்பாகச் சொன்னால் வேடிக்கை நடக்கும். விளம்பரத்தை எப்படி மூடுவது.

குழந்தை மேல் ஒரு குற்றமும் கிடையாது. அதன் கணக்கு சரியான கணக்கு. ஸ்டாரா, குரங்கா என்றால் நீங்களும் நானும்கூட குரங்கைத்தான் தேர்ந்தெடுப்போம். கோளாறு, அந்தக் குரங்கை வரைந்து ஆடவிட்ட இடத்தில் இருக்கிறது. விடை தவறும்போது வரும் அசைவு, விடை சரியாகும்போது வரும் அசைவைவிட சுவாரஸ்யமாக இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஒரே ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வந்த இடம்.

அந்த அம்மா என்ன வேலை செய்கிறார் தெரியுமா? ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங். குழந்தைகள் சட்டை. ‘‘வெளிநாட்டுக்குப் போற பாப்பா துணிங்க. ஒரு நூல் தொங்கக் கூடாது. பட்டன் இழுத்துப் பாத்துத்தான் விடோணும்’’ என்றார்.

அவர் சொன்னது கொஞ்சம்தான். ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு குழந்தைச் சட்டை என்னென்ன சோதனைகளைத் தாண்டுகிறது என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாயத்தில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அசோ பொருட்கள் இருக்கக் கூடாது. தோலில் படும் உலோக பட்டனிலிருந்து நிக்கல் அளவுக்கு மேல் கசியக் கூடாது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் சட்டையில் கழுத்து, தலைப் பகுதியில் இழுக்கும் கயிறு வைக்கவே கூடாது. எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பதால் ஐரோப்பாவில் அதற்கென்றே இ.என். 14682 என்று ஒரு தர விதி. பிஞ்சு வாய் கடித்து இழுத்தாலும் பட்டன் கழன்று வரக் கூடாது என்பதால் கருவியில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். உடைந்த ஊசி முனை துணியில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு மெஷின். இதற்கெல்லாம் முன்னால் சாம்பிள், அதற்குத் திருத்தம், மறுபடியும் சாம்பிள், பயர் அப்ரூவல். மார்பில் அச்சடிக்கும் கரடி பொம்மையின் மூக்கு நிறம் ஒரு சாயல் மாறினால்கூட ‘ரிஜெக்ட்’.

ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு குழந்தையின் தோலுக்கு இத்தனை காவல். நல்லது. வேண்டியதுதான். அதைச் செய்துகொடுக்கும் அம்மாவின் குழந்தை, நெருப்பெரிச்சல் திண்ணையில், கண் வழியாகவும் காது வழியாகவும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கிறதே ஒரு சரக்கு, அதற்கு சாம்பிள் உண்டா? அப்ரூவல் உண்டா? இழுத்துப் பார்த்தவர் உண்டா?

பொம்மைக்கு உண்டு. மத்திய அரசு 2020-ல் ஆணை போட்டு, 2021 ஜனவரி 1-லிருந்து குழந்தைகள் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று ஆக்கியது. கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் குரங்குக்கு முத்திரை வேண்டும். திரையில் குதிக்கும் குரங்குக்கு வேண்டாம். ‘கல்வி’ என்று தலைப்பில் ஒரு வார்த்தையைப் போட்டுக்கொள்ள எவரையும் கேட்க வேண்டியதில்லை.

‘பேசாமல் போனைப் பிடுங்கிவிட வேண்டியதுதானே?’ என்று சிலர் கேட்பீர்கள். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கேட்பது சுலபம். திருப்பூரில் ஒன்றரை ஷிஃப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். காலையில் போன அம்மா ராத்திரிதான் வருவார். வந்து சோறு ஆக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு, தெருவில் லாரிக்கு நடுவே ஓடாமல், குழந்தை ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்க அவருக்கு இருக்கும் ஒரே ஆயா அந்த போன்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது எனக்கும் தெரியும். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் நல்லது. சரியான அறிவுரை. ஆனால், அந்த ஒரு மணி நேரத்தில் என்ன ஓடுகிறது என்பதற்கு யார் பொறுப்பு? சமையலுக்கும் சம்பளத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அம்மாவின் தலையில் அதையும் கட்டாதீர்கள்.

பொறுப்பு, செய்கிறவர்களுடையது. வாங்கிக் கொடுக்கிறவர்களுடையது. முக்கியமாக அரசாங்கத்துடையது.

இந்த விளையாட்டுகள் எப்படித் தயாராகின்றன? அநேகமாக ஒரே கதைதான். கேள்வி-பதில் பட்டியல் ஒன்று தயாராகும். ஒரு புரோகிராமர் அதை பலூன் உடைக்கும் சட்டகத்தில் ஊற்றுவார். கடைசியில், ‘கொஞ்சம் கலர்ஃபுல்லா படம் போட்டுடுங்க’ என்று ஓவியருக்குத் தகவல் போகும். ஓவியருக்கு பீஸ் ரேட். திருப்பூருக்கு விளக்க வேண்டாத வார்த்தை. ஒரு படத்துக்கு இவ்வளவு, ஒரு அசைவுக்கு இவ்வளவு. அவசரம் என்றால் இணையத்தில் விற்கும் ரெடிமேட் படம். இப்போது அதுவும் வேண்டாம், ஏ.ஐ. இருக்கிறது. ஒரு வரி எழுதினால் பத்து படம் துப்பும். அதில் ஒரு குழந்தைக்கு ஆறு விரல் இருக்கலாம். விரல் விட்டு எண்ணக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டில் ஆறு விரல்!

படம் என்பது பாடத்தின் மேல் தூவும் கொத்தமல்லி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படிக்கத் தெரியாத வயதில் படம்தான் பாடம்.

நம் பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி படிக்கத் தெரிய வேண்டாம். பாம்பு எவ்வளவு நீளமோ, சறுக்கல் அவ்வளவு பெரிது. ஏணி எவ்வளவு உயரமோ, புண்ணியம் அவ்வளவு உசத்தி. விளையாட்டும் படமும் பாடமும் தனித்தனியாக இல்லை, ஒன்றே. படத்தை எடுத்துவிட்டால் வெறும் கட்டங்கள்தான் மிஞ்சும். ஒரு கல்வி விளையாட்டு நல்லதா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை கிடையாது. படத்தை மறைத்துப் பாருங்கள். அப்போதும் விளையாட்டு அப்படியே ஓடுகிறதா? அப்படியானால் படம் அங்கே சும்மா நிற்கிறது.

அந்த பலூன் விளையாட்டையே சரியாகச் செய்ய முடியாதா? முடியும். குழந்தை ஒவ்வொரு பலூனாகத் தொட வேண்டும். தொட்டது நகர்ந்து மறுபக்கம் போய் நிற்க வேண்டும். தொடும்போது ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று குரல் வர வேண்டும். எண்ணியது எது, எண்ணாதது எது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்ற அடிப்படை உடம்பில் ஏறும். ஆறு என்று தப்பாகச் சொன்னால், ஆறாவது பலூன் இருக்க வேண்டிய இடம் காலியாக நிற்கட்டும். குரங்கு விழ வேண்டாம். காலி இடமே தவறைச் சொல்லிவிடும். இதற்கு ஆகும் அனிமேஷன் செலவு, குரங்கு வழுக்கி விழுவதைவிடக் குறைவு!

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் அறிஞர் பல ஆண்டுகள் இதே விஷயத்தை ஆராய்ந்தவர். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத சுவாரஸ்யமான படமும் சத்தமும் சேரச் சேர, கற்பது குறைகிறது என்பது அவர் சோதனைகள் காட்டிய விஷயங்களில் ஒன்று. நம் ஆட்களுக்கோ, இரைச்சல் இல்லையென்றால் அது குழந்தை விளையாட்டே இல்லை.

தமிழ் எழுத்து கற்பிக்கும் விளையாட்டுகளைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆங்கில ஏ.பி.சி.டி. விளையாட்டின் உடம்பில் தமிழ்த் தலையை ஒட்டவைத்தது போல இருக்கும் பலவும். ஆங்கிலத்தில் 26 எழுத்தையும் வரிசையாக நிறுத்திவைத்து ஆளுக்கொரு படம் காட்டிவிடலாம். தமிழின் 247-ஐ அப்படிக் காட்டினால் குழந்தை ஓடிவிடும். தேவையும் இல்லை. 12 உயிர், 18 மெய் சேர்ந்தால் 216 உயிர்மெய் தானாகப் பிறக்கும். அந்தப் பிறப்பைக் காட்டுவதற்கு அனிமேஷனைவிட நல்ல கருவி உலகத்திலேயே கிடையாது. ‘க்’ தலையில் புள்ளியோடு நிற்கிறது. ‘அ’ வந்து தொடுகிறது. புள்ளி பறந்துவிடுகிறது. ‘க’! ஒரு விநாடியில் முடிந்தது பாடம். ‘ஒ’ நடந்து வந்து, இரண்டு கையையும் விரித்து, ஒரு கை இடப்பக்கமும் ஒரு கை வலப்பக்கமுமாக ‘க’-வைப் பிடித்துக்கொண்டால் ‘கொ’. எழுதும்போது முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், சத்தம் மட்டும் ஒன்று எப்படி என்று குழம்பும் குழந்தைக்கு இதைவிட எப்படிச் சொல்வது? கரும்பலகையில் முடியாது. அச்சுப் புத்தகத்திலும் முடியாது. அசையும் படத்தில்தான் முடியும். அதை விட்டுவிட்டு எழுத்தைச் சுற்றி ஜிகினா தூவிக்கொண்டிருக்கிறோம்.

படத்தில் வரும் உலகத்தையும் பாருங்கள். பனிவீடு, ஸ்ட்ராபெர்ரி, புகைபோக்கி வைத்த ஓட்டு வீடு. நெருப்பெரிச்சல் குழந்தை பிறந்ததிலிருந்து பார்ப்பது என்ன? நூல் கோன். கட்டிங் வேஸ்ட் மூட்டை. அடுக்கி வைத்த காலர். ஓவர்லாக் மெஷின் சத்தம். பன்னிரண்டு சட்டை ஒரு டஜன் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டாம் வாய்பாட்டுக்கு இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும்? அப்பாவும் அம்மாவும் செய்கிற வேலை திரையில் வந்தால், குழந்தைக்குக் கணக்கோடு சேர்த்து ஒரு கௌரவமும் கிடைக்கும். கூடவே, பக்கத்து வீட்டு ஒடியாக் குழந்தைக்கும் அதே படம் புரியும். படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

இதெல்லாம் நடக்காத கனவு என்று நினைக்காதீர்கள். நடந்திருக்கிறது. 1969-ல் அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கியபோது, படம் போடுகிறவர்களையும் கல்வியாளர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தார்கள். குழந்தைக்குப் பக்கத்தில் டி.வி., இன்னொரு பக்கம் மாறி மாறி ஸ்லைடு காட்டும் கருவி. எந்தக் காட்சியில் குழந்தை டி.வி-யிலிருந்து கண்ணை எடுத்து ஸ்லைடைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஒளிபரப்புக்கு முன்பு சோதித்ததில், மனிதர்கள் மட்டும் வரும் தெருக்காட்சியில் குழந்தைகளின் கவனம் விழுந்தது. பொம்மைகளையும் மனிதர்களையும் கலக்காதீர்கள் என்பது நிபுணர்கள் சொல்லியிருந்த ஆலோசனை. நிபுணரா, குழந்தையா? குழந்தை பக்கம் நின்றார்கள். தெருவுக்குள் பொம்மைகளை இறக்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பெரிய மஞ்சள் பறவை.

பணக்கார நாடு, செய்வார்கள் என்கிறீர்களா? தமிழ்நாட்டுக்கே வருவோம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து, செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம். படிக்கத் தெரியாத குழந்தைகூட தன் ஏணிப்படியில் அடுத்த சின்னம் எது என்று பார்த்து, அலமாரியிலிருந்து தானே அட்டையை எடுத்து வரும். மின்சாரம் இல்லை, திரை இல்லை, விளம்பரம் இல்லை. படம் குழந்தைக்கு வழிகாட்டியாக இருந்தது. அந்தத் திட்டத்தின் குறைகளைத் தனியாகப் பேசலாம். ஆனால், படத்துக்கு ஒரு வேலை கொடுக்கத் தெரிந்த அரசாங்கம்தான் இது. பிறகு 2018-ல் பாடப்புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு, 2019-ல் கல்வித் தொலைக்காட்சி என்று திரைக்கும் வந்தோம். வரவேற்கிறேன். ஆனால், பார்ப்பது வேறு, விளையாடுவது வேறு. விளையாட்டு என்ற களத்தை நாம் அப்படியே சந்தைக்கு விட்டுவிட்டோம்.

சந்தை என்ன செய்யும்? 2022-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 163 இணையக் கல்விப் பொருட்களை ஆராய்ந்தது. 89 சதவிகிதம், குழந்தைகளின் தகவல்களைக் கையாண்ட விதத்தில் அவர்கள் உரிமைக்கு ஆபத்தாகவோ, உரிமையை மீறியோ இருந்தன. அரசு பரிந்துரைத்ததே இந்த லட்சணம் என்றால், பரிந்துரைக்காததைக் கேட்க வேண்டுமா? இந்தியாவில் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ, குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது என்கிறது. விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆனது. காகிதத்தில் இருக்கும் காவல், திண்ணைக்கு எப்போது வரும்?

‘காசுக்கு எங்கே போவது?’ என்பது அடுத்த கேள்வி. டெண்டர் விட்டால் யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கு வேலை. திருப்பூர்க்காரர்களைக் கேளுங்கள், அடிமாட்டு ரேட்டுக்கு எடுத்த ஆர்டரின் துணி எப்படி இருக்கும் என்று. முதல் சலவையிலேயே சாயம் போகும். குழந்தை மனசிலிருந்து சாயம் போனால் ரிட்டர்ன் அனுப்ப முடியாது.

திருப்பூர் மாவட்டத்தின் காரத்தொழுவு என்ற கிராமத்துப் பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர் கே.சி.சிவசங்கரன். நமக்கு அம்புலிமாமா சங்கர். 1952-ல் சேர்ந்தவர், பல பத்தாண்டுகள் குழந்தைகளுக்காகவே வரைந்தார். தோளில் வேதாளத்தோடு வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தன் நம் கண்ணில் இன்னும் நிற்கிறானே, அது அவர் கை. 2020-ல் காலமான அவருக்கு, மறு வருடம் பத்மஸ்ரீ. குழந்தைக்கு வரைவது இரண்டாம்தர வேலை இல்லை என்பதற்கு அவர் ஒருவரே போதும். இன்று அவரைப் போன்ற கை ஒன்று விளையாட்டுக்கு வரைய வந்தால், அவர் பெயர்கூட அதில் இருக்காது.

எனவே, தமிழ்நாடு அரசுக்கு என் கோரிக்கைகள் எளியவை. பனியன் கம்பெனியில் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

ஒன்று, சாம்பிள். அரசுப் பணத்தில் வாங்கும் எந்தக் கல்வி விளையாட்டும் வெளிவரும் முன், அரசுப் பள்ளிக் குழந்தைகள் இருபது பேர் அதை விளையாட வேண்டும். பெரியவர்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குரங்குக்காகத் தப்பாக அமுக்கினால், ரிஜெக்ட்.

இரண்டு, தையல்காரருக்குக் கூலி. ஓவியர், அனிமேட்டர் இருவருக்கும் முதல் நாளே மேஜையில் இடம், தனிச் சம்பளம், விளையாட்டில் பெயர்.

மூன்று, துணிக்கிடங்கு. தமிழ்நாட்டு வீடு, தெரு, தொழில், செடி, பறவை எல்லாம் வரைந்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வையுங்கள். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ கதைகளையும் படங்களையும் அப்படித்தான் திறந்த உரிமத்தில் வைத்திருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனத்தால் முடிந்தது, ஒரு மாநிலத்தால் முடியாதா?

நான்கு, ஊசி கண்டுபிடிக்கும் மெஷின். விளம்பரம், காசு கேட்கும் பொத்தான், தகவல் திருடும் வேலை... மூன்றில் எது இருந்தாலும் ‘கல்வி’ என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் குழந்தை விளையாடும் ‘படிக்கிற கேம்’ பக்கத்தில் பத்தே நிமிடம் உட்காருங்கள். எதைப் பார்த்துச் சிரிக்கிறது, எதற்காக அமுக்குகிறது என்று பாருங்கள். கேள்விக்காகவா, குரங்குக்காகவா? குரங்குக்காக என்றால் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

நான் கிளம்பும்போது அந்த அம்மா மகளின் சட்டைக் கையில் தொங்கிய ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். பழக்க தோஷம். கண்ணில் பட்ட பிசிறை அவரால் விட முடியாது. மடியில் போன். திரையில் குரங்கு மறுபடி விழுந்தது. அந்தப் பிசிறை வெட்ட அவர் கையில் கத்தரி இல்லை. இருக்கிறவர்கள் எப்போது வெட்டப் போகிறோம்?